அவர் கேட்காமல் விட்ட கேள்வி

சனிக்கிழமை தோறும் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் போகிற புருஷனை நம்புவதற்கு நான் ஒன்றும் நேற்றுக் கப்பலில் வந்து இறங்கியவள் இல்லை. அதிலும் ஓவர்டைமுக்குப் போகிறவர் துவைத்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று தலையைப் படிய வாரிக்கொண்டு போனால் எவள் நம்புவாள்?

அவர் பெயர் வேலாயுதம். அந்தக் காலத்தில் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டோம். இப்போது சொன்னால் யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்? ராபிள்ஸ் பிளேஸில் வெள்ளைக்காரர் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிற கிராணி வேலை பார்த்தார். தேக்கா சந்தைக்குப் பக்கத்தில், பஃபலோ ரோட்டுக் கடைவீடு ஒன்றின் மாடியில் முன்னறை எங்களுக்கு. பின்னறையில் முத்தாயியும் அவள் புருஷனும். நடுவில் இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. அவர்கள் வீட்டுச் சண்டை எங்களுக்குத் தெரியும், எங்கள் வீட்டுக் குழம்பு அவர்களுக்குத் தெரியும்.

நான் ரவிக்கை தைப்பவள். சந்தேகம் எனக்குத் தொழிலோடு வந்தது. அளவெடுக்க வருகிற எந்தப் பெண்ணும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் நிற்பாள். நாடா காட்டுகிற அளவை நான் நம்பமாட்டேன். அவள் பார்க்காதபோது கண்ணாலேயே ஒரு அளவெடுத்து, அதை வைத்துத்தான் துணியை வெட்டுவேன். போட்டுப் பார்த்துவிட்டுக் கச்சிதமாக இருக்கிறது என்பாள். தேக்காவில் எவள் உண்டாகியிருக்கிறாள் என்பது மருத்துவச்சிக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

எங்களுக்குத்தான் அந்தப் பேச்சே இல்லை. கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கேட்பவர்கள் கேட்டு ஓய்ந்துபோனார்கள். பிள்ளை இல்லாத வீட்டு ஆம்பிளை தலையைப் படிய வாரினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று ஊர் சொல்லும். நானும் அந்த ஊர்க்காரிதானே?

சுயாட்சி வந்த வருஷம் அது. சுவரெல்லாம் தேர்தல் தாள் கிழிந்து தொங்கியது. சர்க்கார் மாறினால் என்ன நடக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என் வீட்டுச் சர்க்கார் கையைவிட்டுப் போகிறதோ என்றுதான் கவலை.

ஒரு சனிக்கிழமை அவர் கிளம்பியதும் நானும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அவர் பஸ்ஸை ஒட்டியே பின்னால் வந்த பஸ்ஸில் ஏறினேன். தாம்சன் ரோட்டு மாதா கோயில் வாசலில் அவர் இறங்கி நடப்பதைப் பார்த்ததும் நானும் அவசரமாக இறங்கினேன். அங்கே சனிக்கிழமை நொவீனா வேண்டுதல் என்றால் சீனர், கலப்பினச் சட்டைக்காரர், பொட்டு வைத்த நம் பெண்கள் என்று சகல ஜனமும் கூடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அவர் சிவராத்திரிக்கே கோயிலுக்கு வராதவர். அவருக்கு மாதாவிடம் என்ன வேலை?

கடைசி வரிசையில் ஆம்ப்ரோஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆம்ப்ரோஸ் அவரோடு ஒரே ஆபீஸில் வேலை பார்ப்பவர். அவருக்குக் கல்யாணமாகாத சகோதரி ஒருத்தி இருக்கிறாள், பெயர் பிலோமினம்மாள், என்பது எனக்கு முன்பே தெரியும். முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன். மதம் மாறிக் கல்யாணம் கட்டப் பார்க்கிறார். தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். எல்லோரும் முழங்கால் போட்டார்கள், நானும் போட்டேன். பக்கத்திலிருந்தவள் கையில் ஒரு மெழுகுவத்தியைக் கொடுத்தாள். கொண்டுபோய் ஏற்றி வைத்தேன். இல்லாவிட்டால் நான் எதற்கு வந்தேன் என்று கேட்டுவிடுவாளே.

பூசை முடிந்து அவர் பஸ் ஏறியதும் ஆம்ப்ரோஸை வாசலில் மடக்கினேன்.

"அண்ணே, எம் புருஷன எதுக்கு இங்க இழுத்துக்கிட்டு வர்றீங்க?"

அந்த மனிதர் சிரித்தார். "நானா இழுத்துட்டு வர்றேன்? தங்கச்சி, அவரு வேண்டிக்கவா வர்றாரு? கேள்வி கேக்க வர்றாரு லா. போன வாரம் ஃபாதர்கிட்டயே போயி, 'நீங்க கும்பிடுறது வெளிய இருக்கிற சாமியா, உங்க மனசுல இருக்கிற சாமியா'ன்னு கேட்டுட்டாரு. ஃபாதர் பாவம், யோசிச்சு சொல்றேன்னாரு. யோசிச்சு வெச்சிருந்தாரு. இவரு இன்னிக்கு வேற கேள்வியோட வந்துட்டாரு."

"உங்க தங்கச்சி வரலியா?"

"தங்கச்சியா? எனக்கு அக்காதான். இந்தா வர்றாங்க."

பிலோமினம்மாள் கைத்தடி ஊன்றி வந்தார். அறுபது வயசுக்குக் குறையாது. என் கன்னத்தைத் தடவி, "மாதா ஒன் வயித்துல பால வார்ப்பா, கவலப்படாத" என்றார். நான் சும்மா தலையாட்டி வைத்தேன்.

திரும்புகிற பஸ்ஸில் பார்த்தால் முத்தாயி. முட்டிவலிக்கு வேண்டிக்கொண்டு மாசம் ஒரு தரம் வருவாளாம், புருஷனுக்குத் தெரியாது. "நீயுமா பாக்கியம்?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு எப்போதுமே பஸ் ஒத்துக்கொள்ளாது. காலையிலிருந்து வெறும் வயிறு வேறு. சிராங்கூன் ரோட்டில் இறங்கியதும் கடைவாசல் ஐந்தடிப் பாதையோரச் சாக்கடையில் வாந்தி எடுத்தேன். முத்தாயி முதுகைத் தடவிவிட்டாள். என் முகத்தையே ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆம்ப்ரோஸ் சொன்னதை நான் நம்பினேனா? பாதி நம்பினேன். ஒரு சாமியிடம் போகிறவன் பக்தன், இரண்டு சாமியிடம் போகிறவன் பேராசைக்காரன் என்பது என் கணக்கு. அடுத்த வியாழக்கிழமை அவர் சட்டையில் அத்தர் வாசனை வந்தது. இது மூன்றாவது வகை, எதையோ மறைக்கிறவன் என்று முடிவு கட்டினேன்.

அதற்கடுத்த வியாழக்கிழமை பின்னாலேயே போனேன். தெலுக் ஆயர் ரோட்டில் நாகூர் தர்கா. அரபு வீதியில் கைலி விற்கிற நாகூர் கனி என்பவரோடு ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். உள்ளே எல்லோரும் ஒரே குரலில் இறைவன் பேரைச் சொல்லத் தொடங்கினார்கள். என் வீட்டுக்காரர் வாயைத் திறக்காமல் கண்ணை மூடி இருந்தார். பெண்கள் பக்கம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் ஒரு அம்மாள் வந்தாள். கனியின் மனைவி ரஷீதா என்று பிறகு தெரிந்தது.

"பிள்ளை வரம் கேக்க வந்தீகளா?" என்றாள் மெல்ல.

வேறு என்ன சொல்வது? புருஷனை வேவு பார்க்க வந்தேன் என்றா? "ஆமாங்க" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. உள்ளே போய் ஒரு காகிதப் பொட்டலத்தில் ஓதிய சர்க்கரையைக் கொண்டுவந்து கையில் வைத்து மூடினாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. பொய் சொல்லி வாங்கிய சர்க்கரை. ஆனாலும் வழியில் தின்றுவிட்டேன்.

மறுநாள் நாகூர் கனியின் கடைக்கே போனேன். கைலி ஒன்றை விரித்துக் கரையைப் பார்ப்பது போல் பேச்சுக் கொடுத்தேன்.

"அவுக வந்து ஓரமா உக்காந்துருப்பாகம்மா" என்றார் கனி. "ஒரு வம்பும் கெடையாது. ஒரு நாளு மட்டும் எங்கிட்ட, 'பேரச் சொல்லிக்கிட்டே இருந்தா, சொல்றவன் எங்க போறான்?'னு கேட்டாக. நான் கைலி விக்கிறவன். எனக்கு என்னம்மா தெரியும்? அன்னையிலேருந்து தொழுகையில நிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி வந்து நிக்குது. நீங்க கொஞ்சம் சொல்லிவைங்க அவுககிட்ட."

ஆக, பெண் விவகாரம் இல்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம் இல்லாமல் ஒருவர் இப்படி அலைவாரா? வேறு ஒருத்தி என்றால் குடுமியைப் பிடித்துக் கேட்டிருப்பேன். இதை யாரிடம் போய்க் கேட்பது? அன்று சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் கேட்டே விட்டேன்.

"மாதா கோயில், தர்கா எல்லாம் போறீங்களாம். என்ன தேடுறீங்க?"

எனக்கு எப்படித் தெரியும் என்றுகூட அவர் கேட்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார். "எது நெசம்னு தெரிஞ்சுக்கணும் பாக்கியம். அவ்வளவுதான். ஆபீஸ்ல நாளெல்லாம் எழுதுறேன், சாயங்காலம் வர்றேன், சாப்பிடுறேன், தூங்குறேன். இதுக்கெல்லாம் பின்னாடி மாறாத ஒண்ணு இருக்கான்னு தெரியல. ஒவ்வொருத்தரும் ஒரு வழி சொல்றாங்க. ஒரே எடத்துக்குத்தான் எல்லா வழியும் போகுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. போயிட்டு வந்தவன் யாரும் இல்ல."

"அப்ப நான் நெசமில்லையா?"

சட்டென்று சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். அவர் யோசித்தார். பத்து வருஷம் சோறு போட்டவள் முன்னால் நின்று கேட்கிறேன், மனிதர் தரையைப் பார்த்து நிஜமாகவே யோசித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கத்தரிக்கோலைத் தையல் மெஷின் மேல் போட்டுவிட்டு வெளியே போய்விட்டேன். வீரமாகாளியம்மன் கோயிலில் போய் உட்கார்ந்து அழுதேன். குருக்கள் நான் அழுவதைப் பார்த்துவிட்டு, அம்மன் மடியில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தார். பூக்காரி முதல் தேங்காய்க்காரி வரை பார்த்தார்கள்.

அதற்குப் பிறகுதான் சாமி வந்தார். இந்தியாவிலிருந்து வந்தவர். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஜவுளிக்கடை சுந்தரத்தின் வீட்டு மாடியில் தங்கி, காலையில் வேதாந்தம் சொன்னார். தோன்றுவதெல்லாம் மாறிப்போகும், பார்க்கிறவன் மட்டும் மாறுவதில்லை, அந்தப் பார்க்கிறவனைப் பிடி என்பது அவர் பேச்சு. என் வீட்டுக்காரர் ஆபீஸுக்கு முன்னால் தினம் அங்கே போனார். மாதா கோயில் நின்றது, தர்கா நின்றது. வீட்டில் பேச்சும் நின்றது. மீனை விட்டார். தலைவாருவதையும் விட்டார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அந்தச் சாமி ஊருக்குத் திரும்பும்போது வேலாயுதத்தையும் ஆசிரமத்துக்குக் கூட்டிப்போகப் போகிறாராம் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

நான் போனேன். அவர் ஆபீஸ் போன பிறகு, நடுப்பகலில். எல்லாச் சாமியாருக்கும் எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்கும், கண்ணில் படாமல் போகாது என்று நினைத்துக்கொண்டு படியேறினேன். ஒரு பாய், வருகிறவர்களுக்கு ஒரு நாற்காலி, ஒரு செம்பு, கொடியில் இரண்டு காவித் துணி. சமைப்பது சுந்தரத்தின் வயசான மாமா. பெண்கள் வந்தால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசினார். நான் எல்லா மூலையும் பார்த்துவிட்டேன். ஒரு பீடித் துண்டுகூட அகப்படவில்லை. எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

"எம் புருஷன என்ன செய்யப் போறீங்க சாமி?"

"நான் எதுவும் செய்யப்போவதில்லை அம்மா. அவர் தேடுகிறார்."

"அவரத்தான் நான் தேடிக்கிட்டு இருக்கேன். சர்ச்சுல, தர்காவுல, இப்ப இங்க."

சாமி சிரித்துவிட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவர் சந்நியாசம் கேட்கிறார், உண்மை" என்றார். "ஆனால் கல்யாணமானவருக்கு மனைவியின் சம்மதம் இல்லாமல் நான் கொடுப்பதில்லை. என் குருநாதர் வைத்த முறை. அவரிடமும் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமைக் கப்பலுக்கு முன்னால் நீங்களே இங்கே வந்து உங்கள் வாயால் சொல்ல வேண்டும். இல்லை என்று சொன்னால் இல்லைதான். நான் வற்புறுத்தமாட்டேன், அவரையும் வற்புறுத்த விடமாட்டேன்."

கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். சரி, கேட்கட்டும், வந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வேறு ஒன்று ஆரம்பித்தது. ஒரு நாள் சாயங்காலம் வந்தவர் நான் குழாயடிக்குக் கிளம்புவதைப் பார்த்து வாளியைப் பிடுங்கிக்கொண்டார். படியில் தண்ணீர் சுமந்து ஏறி வந்தார், மூச்சு வாங்கியது. மறுநாள் மல்லிகைப்பூ. அதற்கு மறுநாள் சந்தையிலிருந்து பச்சை மாங்காய், நல்ல புளிப்பாகப் பார்த்து. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு ஒரு தட்டில் அவரே நறுக்கி வைத்தார். தையல் மெஷின் பெடலை ரொம்ப நேரம் மிதிக்காதே என்றார். துணியில் ஹூக் தைத்துக் கொடுக்கிறேன் என்று உட்கார்ந்து விரலில் குத்திக்கொண்டார்.

எனக்கா புரியாது? சம்மதம் வாங்க நைச்சியம் பண்ணுகிறார். பத்து வருஷத்தில் ஒரு முழம் பூ வாங்கி வராதவர். ஆட்டுக்குத் தழை காட்டுகிற மாதிரி மாங்காயைக் காட்டி என்னை அந்தப் படியேற வைக்கப் பார்க்கிறார். ஒவ்வொரு மாங்காய்த் துண்டையும் கடுப்போடுதான் தின்றேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. ஏமாற்று வேலை என்று தெரிந்தும் சாயங்காலம் அவர் செருப்புச் சத்தத்துக்காகக் காது காத்திருந்தது. அப்படிக் காத்திருப்பதற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

முத்தாயியும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். ரசம் கொண்டுவந்து கொடுத்தாள். என்னைக் கண்டால் கண்ணைச் சிமிட்டினாள். "என்னடி?" என்று கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். இவளையும் அவர் கையில் போட்டுக்கொண்டார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு கட்டினேன். அவர் கேட்க வேண்டாம். நானே போய் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். அவர் சந்தைக்குப் போன நேரம் பார்த்து ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு நடந்தேன். சாமி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"இந்த நிலைமையில் ஏனம்மா படியேறி வந்தீர்கள்?"

"எந்த நெலமையில?"

"வேலாயுதம் சொன்னாரே. தாய்மை அடைந்திருக்கிறீர்கள், தன்னால் என்னோடு கப்பலில் வர முடியாது என்று. போன வாரமே சொல்லிவிட்டார். அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். இவ்வளவு நாள் இங்கே வருகிறார், அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்."

நான் அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். மாதா கோயில் மெழுகுவத்தி, ரஷீதா கொடுத்த சர்க்கரை, அம்மன் மடி எலுமிச்சை, சாக்கடையோர வாந்தி. பிள்ளையில்லாத ஒருத்தி வரிசையாக இத்தனை இடத்தில் நின்றால் இந்த ஊர் என்ன நினைக்கும்? நானாக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன். கனியோ முத்தாயியோ யாரோ ஒருவர் அவர் காதில் போட்டிருக்கிறார்கள். அவர் நம்பிவிட்டார்.

ஃபாதர் சொன்னதை நம்பாதவர். கனியைத் தொழுகையில் நிம்மதியாக நிற்கவிடாதவர். வேதத்தையே ஏன், எதற்கு என்று கேட்டவர். இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. என்னிடம்கூடக் கேட்கவில்லை.

"அப்படி ஒண்ணும் இல்ல சாமி" என்றேன். மறுபடியும் சொன்னேன்.

சாமி தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "அதை அவரிடம் நான் சொல்லமாட்டேன்" என்றார். "சொல்வதும் சொல்லாததும் உங்களைச் சேர்ந்தது. ஒன்று மட்டும் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை போனால் நான் மறுபடி இந்தப் பக்கம் வருவேனா என்று தெரியாது."

அந்தச் சாமி வாயால் அதைச் சொன்னாரே, அவரும் என்ன மனிதர் என்று இப்போதும் யோசிப்பேன். இரண்டே நாள். நான் வாயை மூடிக்கொண்டு மாங்காய் தின்றுகொண்டிருந்தால் போதும். கப்பல் போய்விடும். அப்புறம் கலைந்துவிட்டது என்று சொன்னால் போகிறது. முத்தாயியே சேர்ந்து அழுவாள். புருஷன் எனக்கே எனக்காக வீட்டில் இருப்பார். சிராங்கூன் ரோடு நெடுக இதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். அதில் ஒரு தப்பும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, வீட்டுப் படியேறும் வரை.

கதவைத் திறந்தால் அவர் தரையில் உட்கார்ந்து தையல் மெஷினுக்குக் கீழே ஒரு பலகையை வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனியாமல் தைப்பதற்காம். சட்டை பின்னால் நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "எங்க போன வெயில்ல?" என்றார். அந்த முகத்தைப் பார்த்தேன். நான் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. அது எனக்கானது இல்லை என்று தெரிந்தது. இல்லாத ஒன்றுக்கானது. அதை இன்னும் இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது என்று தோன்றிவிட்டது.

"என்னங்க, ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நான் உண்டாகல. யாரோ தப்பா சொல்லியிருக்காங்க. நான் உங்களத் தேடிக்கிட்டுத்தான் அங்கயெல்லாம் போனேன். வேண்டிக்கப் போகல."

அவர் பலகையைக் கீழே வைத்தார். சுத்தமாக, சத்தம் வராமல் வைத்தார்.

"மூணு மாசம் ஆகாம பேசக் கூடாது, ஒங்கிட்டயே கேக்கக் கூடாது, கண்ணு பட்டுடும்னு முத்தாயி சொன்னுச்சு" என்றார். "அதான் கேக்கல."

"சரிங்க."

"இல்ல. அதுக்காக மட்டும் இல்ல." பலகையின் ஓரத்தை விரலால் தடவினார். "கேட்டா நீ இல்லன்னு சொல்லிடுவியோன்னுதான் கேக்கல."

பின்னறையில் முத்தாயி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோயிருந்தது. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"நீ நல்லா பாத்தியா? நாள் தப்பா எண்ணியிருக்கப் போற. டாக்டரம்மாகிட்ட ஒரு தடவ போயிட்டு வருவோமா?"

என் வாழ்க்கையில் எதையுமே சந்தேகப்படாமல் விட்டதில்லை. அன்றைக்கு ஒரு துளி சந்தேகம் கிடைக்குமா என்று எனக்குள்ளேயே தேடினேன், அவருக்குக் கொடுப்பதற்காக. இல்லை. என் உடம்பு எனக்குத் தெரியாதா? இல்லை என்று தலையை ஆட்டினேன். அவருக்குப் புரிந்தது. அவர் தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். நானும் அழுதேன். இதைத்தான் இவர் மாதாவிடமும் அல்லாவிடமும் சாமியிடமும் தேடிக்கொண்டிருந்தாரா, அல்லது அது வேறு இது வேறா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

அழுது முடித்ததும் சொன்னேன். "கப்பல் செவ்வாக்கெழமதானே. போறதுன்னா போங்க. நாளைக்கு வந்து சாமிகிட்ட என் வாயால சொல்றேன்."

மனதாரச் சொன்னேனா என்று கேட்டால், ஆமாம், அந்த நேரத்தில் மனதாரத்தான் சொன்னேன். இவர் ஆசைப்பட்ட ஒன்றை என்னால் கொடுக்க முடியவில்லை. இன்னொன்றையாவது தடுக்காமல் இருக்கலாம் என்று நினைத்தேன். அவர் பலகையை எடுத்து மறுபடி மெஷினுக்குக் கீழே வைத்து, ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்தார்.

திங்கட்கிழமை நான் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சாமி கைகூப்பினார். அதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சரி" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் வழக்கம் போலக் குளித்தார். வெள்ளைச் சட்டை போட்டார். ஆபீஸுக்கும் அதுதான், கப்பலுக்கும் அதுதான், அதிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. பெட்டி எடுக்கவில்லை. சந்நியாசம் வாங்கப் போகிறவருக்குப் பெட்டி எதற்கு? தூக்கில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. படியிறங்கிப் பஃபலோ ரோட்டில் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று ஜன்னலில் நின்று பார்க்கவும் இல்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அன்று தைத்த ரவிக்கை அத்தனையும் கோணல். முத்தாயி இரண்டு தடவை வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனாள். "எம் வாய்தான்டி காரணம்" என்று மூன்றாம் முறை வந்து அழுதாள். அவளைத் திட்ட எனக்குத் தெம்பில்லை.

வெயில் இறங்கி, கீழே கடைகளில் விளக்கு ஏற்றுகிற நேரம். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மெஷினில் காலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தூக்கை என்னிடம் நீட்டினார். சாப்பிட்டுக் கழுவியிருந்தது.

"காப்பி இருக்கா?" என்றார்.

ஏன் வந்தீர்கள் என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. எனக்காகவா, பயந்துபோயா, தேடுவதற்கே மனம் விட்டுப்போயா? கேட்டால் இந்த மனிதர் பொய் சொல்லமாட்டார். அதனால்தான் கேட்கவில்லை. அடுப்பில் தண்ணீரை வைத்தேன்.

குடித்து முடித்துவிட்டு டம்ளரை அவரே கழுவி வைத்தார். அது ஏன் என்று ஒரு சந்தேகம் வந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.